தீராத சோர்வுக்குச் சீன மருந்து: சிங்கப்பூர் வாசகிக்கு ஒரு பதில்

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு வயது 41. சிங்கப்பூரில் செங்காங் பக்கம் இருக்கிறேன், பாலர் பள்ளி ஆசிரியை. போன வருடம் மார்ச்சில் டெங்கி வந்தது. காய்ச்சல் பத்து நாளில் போய்விட்டது, சோர்வு பதினோரு மாதமாகியும் போகவில்லை. தூங்கி எழுந்தாலும் தூங்காத மாதிரி இருக்கிறது. சொல்ல வந்த வார்த்தை மறந்துபோகிறது. பலதுறை மருந்தகத்தில் இரத்தம் எடுத்துப் பார்த்து எல்லாம் நார்மல் என்றார்கள். பக்கத்து வீட்டுச் சீன அம்மா தன் சின்சேயிடம், அதாவது சீன வைத்தியரிடம், கூட்டிப்போனார். அவர் நாடியும் நாக்கும் பார்த்து, மண்ணீரல் பலவீனம், 'ச்சி' என்கிற உயிர்ச்சக்தி குறைந்துவிட்டது என்று சொல்லி இரண்டு வாரத்துக்குப் பவுடர் கொடுத்தார். முதல் வாரமே தெம்பு வந்தது. அந்தத் தெம்பில் தீபாவளிக்கு வீடு முழுக்கத் துடைத்து, முறுக்கும் சுட்டேன். மறுநாள் சாயங்காலம் தொடங்கி மூன்று நாள் படுக்கையை விட்டு எழ முடியவில்லை. மருந்து போதவில்லை போலிருக்கிறது என்று, பவுடர் தீர்ந்ததும் அதே பெயரில் உருண்டை மருந்தைக் கடையில் வாங்கி மூன்று மாதமாகச் சாப்பிடுகிறேன். கும்பகோணத்திலிருந்து அம்மா அனுப்பிய லேகியமும் தினமும் எடுத்துக்கொள்கிறேன். பிரஷருக்கு நான்கு வருடமாக ஹைட்ரோகுளோரோதயசைட் மாத்திரை போடுகிறேன். இப்போது கணுக்கால் லேசாக வீங்குகிறது, கால் கெண்டைச் சதை இழுத்துப் பிடிக்கிறது, பிரஷர் 152/96 காட்டுகிறது. எல்லாவற்றையும் தூக்கிப்போடு என்கிறார் கணவர். மூலிகைதானே, என்ன செய்துவிடும் என்கிறார் அம்மா. தொடரலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். உருண்டை மருந்தையும் லேகியத்தையும் இன்றே நிறுத்துங்கள். பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நாளைக்கே உங்கள் மருத்துவரிடம் போய், இரத்தத்தில் பொட்டாசியம், சிறுநீரகச் செயல்பாடு, கூடவே ஒரு ஈசிஜி பார்க்கச் சொல்லுங்கள். போகும்போது உருண்டை டப்பா, லேகியப் புட்டி, பிரஷர் மாத்திரை மூன்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். பெயர் சொன்னால் போதும் என்று நினைக்காதீர்கள், லேபிளை மருத்துவர் கண்ணால் பார்க்க வேண்டும். இதற்கிடையில் நெஞ்சு படபடத்தாலோ, மயக்கம் வந்தாலோ, காலைத் தூக்கவே முடியாத அளவுக்குத் தளர்ந்தாலோ காத்திருக்க வேண்டாம், 995-ஐக் கூப்பிடுங்கள்.

ஏன் இவ்வளவு அவசரம்? என் சந்தேகம் அதிமதுரத்தின் மேல்.

நீங்கள் அனுப்பிய டப்பாப் படத்தில் இருப்பது பூ ஜொங் யீ ச்சி உருண்டை. அதில் எட்டு மூலிகைகள் முக்கியம். அவற்றில் ஒன்று கான் சாவ், அதாவது தேனில் வறுத்த அதிமதுரம். சீன வைத்தியத்தில் பெரும்பாலான கஷாயங்களில் அது இருக்கும். மற்ற மூலிகைகளை ஒத்துப்போக வைக்கும் என்பதால் அதற்கு 'நாட்டுப் பெரியவர்' என்றே ஒரு பட்டப்பெயர் உண்டு. நம் ஊர் லேகியங்கள் பலவற்றிலும் அதிமதுரம் சேர்வது உங்களுக்குத் தெரியும். அம்மா அனுப்பியதில் இருக்கிறதா என்று புட்டியைப் பாருங்கள், இல்லாவிட்டால் செய்து கொடுத்தவரிடம் கேட்கச் சொல்லுங்கள். இருந்தால், கும்பகோணத்திலிருந்தும் சீனாவிலிருந்தும் ஒரே வேர் மூன்று மாதமாக உங்கள் வயிற்றுக்குள் போய்க்கொண்டிருக்கிறது.

அதிமதுரத்துக்கு இனிப்பைத் தருவது கிளிசரைசின் என்ற பொருள். நம் உடம்பில் கார்ட்டிசால் என்று ஒரு ஹார்மோன் இருக்கிறது. உப்பைப் பிடித்துவைக்கும் வேலை சிறுநீரகத்தில் வேறொரு ஹார்மோனுடையது. கார்ட்டிசால் அந்த வேலையில் நுழைந்துவிடாதபடி ஒரு நொதி அதை அங்கேயே செயலிழக்கச் செய்துவிடும். கிளிசரைசின் அந்த நொதியைத் தடுக்கிறது. உடனே கார்ட்டிசால் உள்ளே நுழைந்து உப்பையும் தண்ணீரையும் பிடித்துவைக்கிறது, பொட்டாசியத்தைச் சிறுநீரில் தள்ளிவிடுகிறது. பிரஷர் ஏறும், கால் வீங்கும், தசை இழுக்கும். உங்கள் பிரஷர் மாத்திரையும் தன் பங்குக்குப் பொட்டாசியத்தை வெளியேற்றும் வகை. இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். பொட்டாசியம் குறைந்தால் முதலில் தெரிவது உடல் தளர்ச்சிதான் என்பதையும் கவனியுங்கள். சோர்வுக்கென்று சாப்பிட்ட மருந்தே கடைசி சில வாரச் சோர்வில் பாதியைத் தந்திருக்கலாம். நிறுத்திய மறுநாளே இது சரியாகாது, இரண்டு வாரம்கூட ஆகலாம். அதுவரை பிரஷரை வீட்டில் காலையும் மாலையும் எழுதி வையுங்கள்.

சின்சேயைக் குறை சொல்ல நான் தயாராக இல்லை. அவர் இரண்டு வாரத்துக்குத்தான் கொடுத்தார், பிறகு திரும்பி வரச் சொல்லியிருப்பார். நீங்கள் போகவில்லை. பிரஷர் மாத்திரை போடுவதை அவரிடம் சொன்னீர்களா என்றும் எழுதவில்லை. பெரும்பாலானவர்கள் சொல்வதில்லை. அங்கே இந்த மாத்திரையைச் சொல்ல மாட்டார்கள், இங்கே அந்தக் கஷாயத்தைச் சொல்ல மாட்டார்கள். இதில் எங்கள் பங்கும் இருக்கிறது. தொழிலின் ஆரம்ப வருடங்களில், சீன மருந்து சாப்பிடுவதாகச் சொன்ன ஒரு பெரியவரை நான் கடிந்துகொண்டேன். அடுத்த முறை வந்தபோது நிறுத்திவிட்டேன் என்றார். அவர் நிறுத்தவில்லை, சொல்வதை மட்டும்தான் நிறுத்தியிருந்தார் என்பது பிறகு அவர் மகள் மூலம் தெரிந்தது. அன்றிலிருந்து யாரையும் திட்டாமல்தான் கேட்கிறேன். உங்கள் மருத்துவர் திட்டினாலும் பரவாயில்லை, மறைக்காதீர்கள்.

அடுத்து மண்ணீரல். கடிதத்தின் பின்பக்கத்தில், "ஸ்கேனில் மண்ணீரல் நன்றாக இருக்கிறது என்கிறார்கள், யார் சொல்வது பொய்?" என்று கேட்டிருக்கிறீர்கள். இருவருமே பொய் சொல்லவில்லை. சீன வைத்தியர் மண்ணீரல் என்று சொல்வது விலாவுக்குக் கீழே இருக்கும் அந்த உறுப்பை அல்ல. சாப்பிட்டதை உடம்புக்குத் தெம்பாக மாற்றும் மொத்த ஏற்பாட்டுக்கும் அவர்கள் வைத்த பெயர் அது. நம் வைத்தியர் நாடியில் மூன்று விரல் வைத்து வாதம், பித்தம், கபம் என்று சொன்னால் நாம் எந்த உறுப்பையும் ஸ்கேன் எடுக்க ஓடுவதில்லையே, அதுபோல. அதனால் மண்ணீரல் கெட்டுவிட்டது என்ற பயத்தை விட்டுவிடுங்கள்.

உங்கள் உருண்டை மருந்தின் கதை எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. அதை வகுத்தவர் லீ தொங்யுவான், 1180 முதல் 1251 வரை வாழ்ந்தவர். 1232-ல் மங்கோலியர்கள் இன்றைய கைஃபெங் நகரை முற்றுகையிட்டபோது அவர் அங்கே இருந்தார். முற்றுகை விலகிய பிறகுதான் மக்கள் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். நகரின் பன்னிரண்டு வாசல்கள் வழியாகவும், வாசலுக்கு ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம் பிணங்கள் தினமும் வெளியே போயின, இது ஏறக்குறைய மூன்று மாதம் நடந்தது என்று எழுதிவைத்திருக்கிறார். மற்ற வைத்தியர்கள் இதை வெளியிலிருந்து வந்த குளிர்க்காய்ச்சல் என்று நினைத்து வியர்க்க வைத்தார்கள், பேதிக்குக் கொடுத்தார்கள். நோயாளிகள் இன்னும் வேகமாகச் செத்தார்கள். லீ வேறு மாதிரி யோசித்தார். இத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் குளிர் தாக்குமா? பசி, பயம், ஓயாத உழைப்பு, கிடைத்தபோது அள்ளித் தின்றது, இவைதான் உள்ளிருந்து உடைத்துவிட்டன என்றார். அப்படி உள்ளே காலியானவர்களுக்காக அவர் வகுத்ததுதான் 'நடுவை நிரப்பி ச்சியைப் பெருக்கும் கஷாயம்', பூ ஜொங் யீ ச்சி என்ற பெயருக்கு அதுதான் பொருள். வற்றிப்போனவனை மேலும் வற்றவைக்காதே என்பதை எண்ணூறு வருடத்துக்கு முன்பே பார்த்த அந்தக் கண்ணை நான் மதிக்கிறேன்.

ஆனால் மதிப்பு வேறு, உங்கள் நோய்க்கு அது கேட்கும் என்று சொல்வது வேறு. காக்ரேன் என்ற சர்வதேச அமைப்பு 2009-ல் இதே கேள்வியை எடுத்துக்கொண்டது: நாட்பட்ட சோர்வுக்குச் சீன மூலிகைகள் பயன்படுமா? உலகெங்கும் தேடியும், அவர்கள் வைத்த தரத்துக்கு ஒரு ஆய்வுகூடத் தேறவில்லை. மருந்து வேலை செய்யாது என்று இதற்கு அர்த்தமில்லை, சரியாகச் சோதிக்கப்படவில்லை என்றுதான் அர்த்தம். அதற்குப் பிறகு வந்த ஆய்வுகள் பெரும்பாலும் சீனாவில் நடந்தவை. பலவற்றில் பலன் தெரிந்ததாகவே எழுதியிருக்கிறார்கள். ஆனால் சேர்ந்தவர்கள் குறைவு, காலம் குறைவு, தான் மருந்து சாப்பிடுகிறோம் என்பது நோயாளிக்கே தெரிந்திருந்தது. இந்த நோய் தானாகவே ஒரு வாரம் ஏறும், ஒரு வாரம் இறங்கும். இறங்கிய வாரத்தில் எதைச் சாப்பிட்டிருந்தாலும் அதற்குத்தான் பேர் கிடைக்கும். ஆங்கில மருத்துவத்திலும் இந்த நோய்க்கென்று நிரூபிக்கப்பட்ட மாத்திரை இன்றுவரை இல்லை என்பதை நான் மறைக்கப் போவதில்லை. அதனால்தான் 'சீன மருந்து வேண்டாம், என்னிடம் இதைவிட நல்லது இருக்கிறது' என்று உங்களிடம் என்னால் சொல்ல முடியவில்லை.

சரி, இப்போது உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய இடத்துக்கு வருகிறேன். நீங்கள் கேள்வியாகக் கேட்காமல் போகிறபோக்கில் எழுதிய வரி அது. தீபாவளிக்கு வீடு துடைத்தேன், மறுநாள் சாயங்காலத்திலிருந்து மூன்று நாள் எழ முடியவில்லை.

களைத்தவர் யாராயிருந்தாலும் வேலை செய்த அன்றைக்கே அசந்து படுப்பார், ஒரு ராத்திரி தூங்கினால் தேறிவிடுவார். உங்களுக்கு அடி ஒரு நாள் கழித்து விழுந்திருக்கிறது, மூன்று நாள் நீடித்திருக்கிறது. உழைப்புக்குப் பின் வரும் சரிவு என்று இதைச் சொல்வோம். நாட்பட்ட சோர்வு நோய்க்கு, அதாவது எம்இ/சிஎஃப்எஸ் என்று எழுதப்படும் நோய்க்கு, இதுதான் முக்கிய அடையாளம். அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் அமைப்பு 2015-ல் வகுத்த வரையறைப்படி, ஆறு மாதத்துக்கு மேல் முன்போல வாழ முடியாத சோர்வு, இந்தச் சரிவு, தூங்கியும் தெளியாத தூக்கம் மூன்றும் இருக்க வேண்டும். கூடவே மூளை மந்தமோ, நின்றால் மோசமாகும் தன்மையோ ஒன்று இருக்க வேண்டும். சொல்ல வந்த வார்த்தை மறந்துபோகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். டெங்கி போன்ற காய்ச்சலுக்குப் பிறகு சோர்வு இழுப்பது இங்கே நாங்கள் அடிக்கடி பார்ப்பது. பெரும்பாலோர் சில வாரங்களில், சில மாதங்களில் தேறிவிடுவார்கள். உங்களுக்குப் பதினோரு மாதம் ஆகிவிட்டது. கடிதத்தை வைத்துக்கொண்டு நோய்க்குப் பெயர் சூட்ட எனக்கு உரிமையில்லை. ஆனால் இந்தக் கோணத்தில் உங்களைப் பார்க்கச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

அதற்கு முன் 'எல்லாம் நார்மல்' என்ற அந்தத் தாளை வாங்கிப் பாருங்கள். ஹீமோகுளோபின் நார்மலாக இருந்தும் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் தரையைத் தொட்டிருக்கலாம், மாதவிலக்கு அதிகம் போகும் பெண்களிடம் இது சகஜம். தைராய்டு, மூன்று மாதச் சர்க்கரை, கல்லீரல், வைட்டமின் பி12 பார்த்திருக்கிறார்களா? நீங்கள் சைவம் என்றால் பி12 கட்டாயம். இரவில் குறட்டை விடுகிறீர்களா என்று கணவரிடம் கேளுங்கள். படுத்திருக்கும்போதும், எழுந்து பத்து நிமிடம் நின்ற பிறகும் நாடித்துடிப்பை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். முப்பதுக்கு மேல் கூடினால் அதற்குத் தனி வழிகள் இருக்கின்றன, மருந்தும் இருக்கிறது. மனச்சோர்வு பற்றியும் கேட்பார்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள். அப்படியே இருந்தாலும் அதுவும் வைத்தியம் உள்ள நோய்தான், நீங்கள் நடிக்கிறீர்கள் என்று அர்த்தமில்லை.

இனி தினசரி வாழ்க்கை. முன்பெல்லாம் இந்த நோயாளிகளை வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாக உடற்பயிற்சியைக் கூட்டச் சொல்வோம். பலருக்கு அதனால் மோசமானது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021 அக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டியில் அந்த முறையை இனி பரிந்துரைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். இப்போது சொல்வது, உள்ள தெம்புக்குள் நாளை நடத்துவது. விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பார்களே, அதுதான்.

இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள்: எவ்வளவு நேரம் நின்றீர்கள், எவ்வளவு நேரம் பேசினீர்கள், எவ்வளவு வேலை செய்தீர்கள், மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் எப்படி இருந்தது. எந்த அளவைத் தாண்டினால் சரிகிறீர்கள் என்பது தெரியவரும். தெரிந்ததும் அதற்குக் கொஞ்சம் கீழேயே நில்லுங்கள். களைத்த பிறகு ஓய்வெடுக்காமல், களைப்பதற்கு முன்பே எடுங்கள். காய் நறுக்குவதை உட்கார்ந்து செய்யுங்கள், குளியலறையில் ஒரு ஸ்டூல் போடுங்கள், பதினைந்து நிமிட வேலைக்கு ஒரு முறை படுத்துவிடுங்கள். பிள்ளைகளுக்குக் கதை சொல்லும்போது நிற்காதீர்கள். பள்ளியில் அரை நாள் வேலை கிடைக்குமா என்று மருத்துவரின் கடிதத்தோடு கேட்டுப் பாருங்கள். நல்ல நாளில்தான் அதிகக் கவனம் வேண்டும். சின்சேயின் மருந்து உங்களுக்கு ஒரு நல்ல வாரத்தைக் கொடுத்ததா, அது தானாக வந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. எப்படி வந்திருந்தாலும் அந்த வாரத்தை நீங்கள் ஒரே நாளில் செலவழித்துவிட்டீர்கள். முறுக்கை அடுத்த தீபாவளிக்குத் தேக்காவில் வாங்கிக்கொள்ளலாம்.

பொட்டாசியம் சீராகி, பிரஷர் கட்டுக்குள் வந்த பிறகும் சீன வைத்தியம் பார்க்க விருப்பமிருந்தால் நான் தடுக்க மாட்டேன், சில நிபந்தனைகள் மட்டும். சிங்கப்பூரில் 2000-ல் வந்த சட்டப்படி சீன வைத்தியர்கள் வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பெயரை வாரியத்தின் இணையப் பட்டியலில் நீங்களே பார்க்கலாம். பக்கத்து வீட்டம்மாவின் சின்சே பதிவு பெற்றவர் என்றால் அவரிடமே போங்கள். செலவு கவலை என்றால், 1867-ல் தொடங்கிய தோங் சாய் மருத்துவ நிலையம் இன, மத பேதமில்லாமல் இலவசமாகப் பார்க்கிறது. யாரிடம் போனாலும் முதல் வார்த்தையாகப் பிரஷரையும் பிரஷர் மாத்திரையையும், அதிமதுரத்தால் வந்த கோளாறு என்று உறுதியானால் அதையும் சொல்லுங்கள். அதிமதுரம் இல்லாமல் எழுதித்தரக் கேளுங்கள், நல்ல வைத்தியர் மாற்றுவார். கஷாயத்தின் பெயரை எழுதி வாங்குங்கள். நான்கு வாரம் என்று முடிவு வையுங்கள், நோட்டில் மாற்றம் தெரியவில்லை என்றால் நிறுத்துங்கள். அதே பெயரில் கடையில் வாங்கி நீங்களாகத் தொடர்வது இனி கூடாது. அது சீன வைத்தியத்தின் முறையும் அல்ல. இன்றைய நாக்குக்கும் நாடிக்கும் எழுதியதை அவர்களே அடுத்த மாதம் மாற்றுவார்கள்.

சத்துக்கும் நரைக்கும் என்று ஹெ ஷோ வூ என்ற சீன வேரை விற்பார்கள், தொடாதீர்கள். கல்லீரலைக் கெடுத்த சம்பவங்கள் நிறையப் பதிவாகியிருக்கின்றன. தாங் குவே என்ற இன்னொரு சீன வேரின் கஷாயத்தை, இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் குடித்தால் இரத்தக்கசிவு ஆபத்து கூடும். உங்களுக்கு அந்த மாத்திரை இல்லை, வீட்டில் மாமியாருக்கோ மாமனாருக்கோ இருந்தால் நினைவில் வையுங்கள்.

அம்மாவுக்கு ஒரு வார்த்தை. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், எடை குறைக்கும் ஒரு கிளினிக்கில் கொடுத்த சீன மூலிகை மாத்திரையால் ஏறக்குறைய நூறு பெண்களின் சிறுநீரகம் பழுதானது. ஒரு வேருக்குப் பதில் பெயர் ஒத்த வேறொரு வேர் கலந்துவிட்டதுதான் காரணம். அந்த வேர் எந்தக் குடும்பம் தெரியுமா? நம் ஊர் ஆடுதீண்டாப்பாளையும் ஈஸ்வரமூலியும் அதே குடும்பம்தான், அந்தப் பெண்களின் சிறுநீரகத்தைக் கெடுத்த அரிஸ்டலோகிக் அமிலம் அவற்றிலும் இருக்கிறது. ஆடு தொடாத செடி என்று பெயர் வைத்த நம் பெரியவர்களுக்கு மூலிகையும் கெடுக்கும் என்பது நன்றாகவே தெரிந்திருந்தது. இதை அம்மாவிடம் பயமுறுத்தாமல் சொல்லுங்கள். லேகியம் மகள் மேலிருக்கும் அக்கறையில் வந்தது. அடுத்த முறை ஊரிலிருந்து நார்த்தங்காய் ஊறுகாய் கேட்காதீர்கள், பிரஷர் இறங்கும்வரை உப்பு வேண்டாம். வடாம் கேட்டாலும் உப்புக் குறைத்துப் போடச் சொல்லுங்கள்.

கணவரையும் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். வார்த்தை மறந்துபோகும்போது பக்கத்தில் நினைவுபடுத்த ஒருவர் வேண்டும். அந்த மூன்று நாள் படுக்கையைப் பற்றி நீங்கள் சொல்ல விட்டுவிட்டாலும் அவர் சொல்லட்டும். பொட்டாசியம் எவ்வளவு வந்தது என்று எனக்கு இரண்டு வரி எழுதிப்போடுங்கள்.